இரண்டாவது கிண்ணம்

மலைமேல் ஒரு கன்னியர் மடம். அங்கே மதர் பிலார் என்ற ஸ்பெயின் நாட்டு மூதாட்டி படுக்கையில் கிடந்தார். ஒரு காலத்தில் மடத்துக்குத் தலைவியாக இருந்தவர், தமிழ் சரளமாகப் பேசியவர். நோய் முதலில் அவருடைய ஆங்கிலத்தைக் கொண்டுபோயிற்று, பிறகு தமிழை. பிறந்த ஊர்ப் பேச்சு மட்டும் மிஞ்சியது. இப்போது சாப்பாட்டையும் மறுத்துவிட்டார்.

நாளைக் காலைக்குள் கஞ்சி இறங்காவிட்டால், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மூக்கில் குழாய் போட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மதரோ, இந்த மடத்திலேயே கண்மூட வேண்டும் என்று நினைவு தெளிவாக இருந்தபோதே கேட்டுக்கொண்டவர். கேட்டது தனக்குப் பணிவிடை செய்யும் சவரியம்மாளிடம். அவளும் கையைப் பிடித்துச் சரி என்று சொல்லியிருந்தாள்.

மடத்தில் ஸ்பானிஷ் தெரிந்தவர் சிஸ்டர் அமலோற்பவம் ஒருவரே. சவரியம்மாளைவிட இளையவர். ஆனாலும் அவள் தரையில் உட்கார்ந்துதான் அவரிடம் பாடம் கேட்டாள். ஏவல் சொற்கள் மட்டும் போதும் என்றாள்.

சிஸ்டர் சொல்லிக்கொடுத்தார். சொல்லின் கடைசியில் இருக்கும் 'ர்' உதிர்ந்தால் ஏவல் வந்துவிடும். தோமார், எடுத்துக்கொள்வது. தோமா, எடுத்துக்கொள். கோமேர், சாப்பிடுவது. கோமே, சாப்பிடு. 'ஈர்' என்று முடிவது மட்டும் 'ஏ' ஆகும்: ஆப்ரீர், திறப்பது, ஆப்ரே, திற. மரியாதையாகச் சொல்வதென்றால் கடைசி ஆ ஏ ஆகும், ஏ ஆ ஆகும். கோமா, சாப்பிடுங்கள்.

சவரியம்மாள் நடக்கும்போதும் இதையே முணுமுணுத்தாள். கத்தரிக்காயும் இனிமேல் ஸ்பானிஷில் சொன்னால்தான் வேகுமோ என்று சமையல்காரி ரஞ்சிதம் கேட்டாள்.

அன்று மாலை சவரியம்மாள் கலங்கிப்போய் சிஸ்டரிடம் வந்தாள்.

"கோமான்னு மரியாதையாத்தான் சொன்னேன் சிஸ்டர். கோமேன்னு என்னைத் திருத்துறாங்க. சரின்னு நானும் கோமேன்னேன். அதுக்கும் கோமேங்கறாங்க. வாயை மட்டும் திறக்கல. எந்தச் சொல்லு சரி?"

சிஸ்டர் அவள் முகத்தைப் பார்த்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"நீங்க சாப்பிட்டீங்களா அக்கா?"

"மதர் சாப்பிடாம நான் எப்படி சிஸ்டர்? நேர்ந்துக்கிட்டேன். அவங்க வாயில ஒரு வாய் போனப்புறந்தான் எனக்கு."

சிஸ்டர் சமையலறைக்குப் போய் இன்னொரு கிண்ணத்தில் கஞ்சி ஊற்றிக்கொண்டு வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுச் சவரியம்மாளை உட்காரச் சொன்னார். கிண்ணத்தை அவள் கையில் கொடுத்தார்.

சவரியம்மாளுக்கு உடம்பு கூசியது. படுத்திருப்பவர் பட்டினி கிடக்க, எதிரில் உட்கார்ந்து தின்பதா? நேர்ந்துகொண்டது என்னாவது? கரண்டியைத் தொடாமல் தலைகுனிந்து இருந்தாள்.

மதர் பிலார் அவளையே பார்த்தார். போர்வைக்குள்ளிருந்து ஒரு விரல் வெளியே வந்து கிண்ணத்தைக் காட்டியது.

"கோமே."

அது பிழை திருத்தும் குரல் இல்லை. சவரியம்மாளுக்குத் தெரிந்த குரல்தான். மடத்துச் சாப்பாட்டு மேசையில் கடைசி ஆள் கரண்டி எடுக்கும்வரை தன் கரண்டியைத் தொடாத மதரின் குரல். அந்த மேசையில் வருஷக்கணக்காகப் பரிமாறியவள் அவள்.

ஒரு வாய் எடுத்தாள். விழுங்கினாள். மதர் பார்த்துக்கொண்டே இருந்தார். இன்னொரு வாய் எடுத்தாள்.

மதர் பிலார் வாயைத் திறந்தார்.

கிண்ணங்களைக் கழுவும்போது சவரியம்மாள் மெல்லக் கேட்டாள்.

"நானும் அதே சொல்லைத்தானே சொன்னேன் சிஸ்டர்?"

சிஸ்டர் ஒரு கிண்ணத்தைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தார்.

"நீங்களும் சொன்னீங்க, அவங்களும் சொன்னாங்க. யாராவது ஒருத்தர் கேக்கணுமில்ல அக்கா."