தவசிலிங்கம் போட்ட உப்புக்கண்டம்

குடியை விடுவதாகத் தவசிலிங்கம் நான்கு முறை சத்தியம் செய்திருந்தார். ஒன்று அய்யனார் கோயிலில். ஒன்று மகள் தலையில் கை வைத்து. எதுவும் பதினைந்து நாளைத் தாண்டவில்லை. நான்காவது சத்தியம் உடைந்த மறுநாள், மனைவி பூவம்மாள் துணிமணியை மூட்டை கட்டி, மகளையும் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். "என்னத் தேடி வராதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. லாரிப் பட்டறையில் மேஸ்திரி. காலையில் ஸ்பானரைத் தொட்டால் கை நடுங்கியது.

அதே ஊரில் கறிக்கடை வைத்திருந்த மரகதத்துக்கு முப்பத்தெட்டு வயதுதான். ஆனாலும் குடியை விட நினைத்தவர்கள் அவளிடம்தான் போனார்கள். அவள் விபூதி கொடுப்பதில்லை, மருந்தும் தருவதில்லை. போனவர்களில் சிலர் தெளிந்திருந்தார்கள். தவசிலிங்கமும் வெட்கத்தை விட்டுப் போய் நின்றார்.

"தாயி, என்னையும் உன் சீடனா வச்சுக்க. இந்தக் கழுதைய எப்படி விடுறதுன்னு சொல்லு."

மரகதம் கொக்கியில் தொங்கிய வெள்ளாட்டுத் தொடையை இறக்கி அவர் கையில் கொடுத்தாள்.

"உப்புக்கண்டம் போடுங்கண்ணே."

"நான் கேட்டது வேற."

"கத்தி அங்க இருக்கு."

கடைக்குப் பின்னால் அவள் வீட்டு முற்றம். அவர் அங்கே உட்கார்ந்து எலும்பை எடுத்தார். கறியைத் தடிதடியாக நறுக்கினார். சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது. கல்லுப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், இடித்த பூண்டு எல்லாம் போட்டுப் பிசறி, மறுநாள் சணலில் கோத்துக் கொடியில் தொங்கவிட்டார்.

மூன்றாம் நாள் பார்த்தால் கறி கறுத்து விறைத்திருந்தது. அவருக்கே பெருமையாக இருந்தது.

மரகதம் ஒரு துண்டை எடுத்து இரண்டாகக் கீறி அவர் மூக்கருகே நீட்டினாள். உள்ளே சிவப்பாகப் பிசுபிசுத்தது. நாற்றம் தாங்காமல் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மேல நல்லாத்தானே காஞ்சிருந்துச்சு?"

"மேல காஞ்சிருந்துச்சு."

அவ்வளவையும் குழி வெட்டிப் புதைக்கச் சொன்னாள். பிறகு இன்னொரு தொடையைக் கொண்டுவந்து வைத்தாள்.

தவசிலிங்கத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து போய்விடலாம் என்று நினைத்தார். பட்டறைக்குப் போகலாம், வீட்டுக்கும் போகலாம். ஆனால் வீட்டில் யாரும் இல்லை. கத்தியைத் தீட்ட ஆரம்பித்தார்.

இந்த முறை அந்தப் பகல் முழுக்க நறுக்கினார். நாடா மாதிரி மெல்லிசாக, நீளநீளமாக. கை நடுங்கும்போது கத்தியைக் கீழே வைப்பார். நடுக்கம் நின்றதும் எடுப்பார். உப்பு விரல் வெட்டுக்குள் இறங்கி எரிந்தது.

கறி வெயிலுக்கு வந்தது. காக்கையை விரட்டினார். ஈ மொய்க்காமல் மெல்லிய வேட்டியைச் சுற்றிக் கட்டினார். பொழுது சாய்ந்தால் உள்ளே எடுத்தார், விடிந்தால் வெளியே போட்டார்.

"இன்னும் எத்தன நாள் தாயி?"

"இன்னிக்கு வெயில் இருக்குல்ல?"

மூன்றாம் நாள் பிற்பகல் அவரால் முடியவில்லை. நாக்கு வறண்டு உடம்பு முறுக்கியது. மரகதத்திடம் ஒன்றும் சொல்லாமல் எழுந்து நடந்தார். கால்கள் தாமாகவே பிராந்திக்கடைக்குக் கொண்டுபோய் நிறுத்தின. வரிசையில் அவருக்கு முன்னால் நான்கு பேர் நின்றார்கள்.

புறங்கையில் ஒரு பெரிய துளி விழுந்தது. அண்ணாந்து பார்த்தார். கிழக்கே கோடை மழை கறுத்துக்கொண்டு வந்தது.

முன்னால் இப்போது இரண்டு பேர்தான்.

"ஐயோ, கறி!" என்றார் சத்தமாக. பின்னால் நின்றவர் சிரித்தார்.

தவசிலிங்கம் ஓடினார். வேட்டியை மடித்துக் கட்டக்கூட நிற்கவில்லை. ஒரு செருப்பு வழியிலேயே போயிற்று. முற்றத்துக்குள் நுழைந்தபோது தூறல் வலுக்கத் தொடங்கியிருந்தது. மரகதம் வாசல்படியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொடி போட்டது போட்டபடி இருந்தது.

அவர் கறியை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தார். அடுப்படியில் கயிறு கட்டி ஒவ்வொரு சரமாகத் துடைத்துத் தொங்கவிட்டார். அதற்குப் பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

"வீட்டுலதான இருந்த? நீ எடுத்து வச்சிருக்கக் கூடாதா?"

"அது உங்க கறிண்ணே."

எங்கே போயிருந்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"கடை வாசல் வரைக்கும் போயிட்டேன்."

"திரும்பி வந்திருக்கீங்க. தலையத் துவட்டுங்க."

மழை ஒரே நாளில் விட்டது. அடுத்தடுத்த வெயிலில் கறி மீண்டும் காய்ந்தது. ஒருநாள் மத்தியானம் மரகதம் சரத்தின் நடுவிலிருந்து ஒரு துண்டை உருவி ஒடித்தாள். சுள்ளி மாதிரி முறிந்தது. உள்ளேயும் ஈரம் இல்லை. மோந்து பார்த்தாள். தலையசைத்தாள்.

தவசிலிங்கத்தின் கண் கலங்கிவிட்டது. ஒரு பொட்டலத்தைப் பூவம்மாளின் அண்ணன் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். தான் போகக் கூடாது, பொட்டலம் மட்டும் போகட்டும்.

அவர் எழுந்து நின்று வலது கையை நீட்டினார்.

"தாயி, சத்தியமாச் சொல்றேன். என் ஆயுசுக்கும் இனி தொடமாட்டேன்."

காய்ந்த கறியை அடைத்த ஜாடியின் வாயைத் துணியால் கட்டிக்கொண்டிருந்த மரகதம் நிமிரவில்லை.

"ஆயுசு கிடக்கட்டும்ணே. இன்னிக்குப் பிராந்திக்கடை அடைக்கிற வரைக்கும் எங்க இருக்கப் போறீங்க?"

நீட்டிய கையைத் தவசிலிங்கம் மெல்ல இறக்கினார். முற்றத்தில் காலியாகக் கிடந்த கொடிக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.