தட்டை வீசிய பெண்

நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்திருந்தவன் தியாகு. அவன் மனைவி வசுமதி தபால் நிலையத்தில் வேலை பார்த்தாள். இருவருக்கும் விவாகரத்து வழக்கு நடந்தது. ஆறு வயது மகள் மேகலை யாரிடம் வளர்வது என்பதில் வெட்டுப்பழி குத்துப்பழியாக நின்றார்கள். நடுவில் தியாகுவின் அக்கா பூங்கோதையும் புகுந்தாள். "ரெண்டு பேருக்கும் வேண்டாமுங்க. புள்ளைய எங்கிட்டக் குடுங்க" என்றாள்.

குழந்தையை மூன்று வீடுகளிலும் மாறி மாறி இருக்கவிட்டுப் பார்த்து அறிக்கை தரும்படி ஆலோசகர் அமுதவல்லியிடம் நீதிபதி சொன்னார்.

முதல் நாளே தியாகு செல்போனை அமுதவல்லி முன்னால் நீட்டினான். வசுமதி வீட்டுச் சன்னலுக்கு வெளியே ஒளிந்து நின்று எடுத்த வீடியோ அது. மேகலை தட்டை வீசுகிறாள். "உன்னயப் புடிக்கல, போ!" என்று தாயைப் பார்த்துக் கத்துகிறாள்.

"பெத்தவளையே வேண்டாங்குது. வேற என்னங்க சாட்சி வேணும்?"

"அடுத்தவங்க சன்னல்ல எட்டிப் பாக்கற பொழப்பு" என்றாள் வசுமதி. ஆனால் வீடியோ பொய்யில்லை.

அமுதவல்லி தியாகு வீட்டுக்குப் போனார். போட்டதை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள் மேகலை. "தண்ணி குடிக்கலாமாப்பா?" என்று கேட்டுவிட்டுக் குடித்தாள். கை தவறிக் கொஞ்சம் சிந்தியதும் தகப்பன் முகத்தைத்தான் பார்த்தாள். "இங்க ஒருநாளும் அழுததில்லைங்க" என்று தியாகு பெருமையாகச் சொன்னான்.

பூங்கோதை வீட்டிலும் சத்தமில்லை. குழந்தையின் முகம் சற்றுச் சுருங்கினால் போதும், அத்தை செல்போனைக் கையில் கொடுத்துவிடுவாள். "அழுவறதுக்கு விட்டாத்தானுங்களே!"

வசுமதி வீட்டில் அமுதவல்லி உட்காரக்கூட இல்லை, ரகளை தொடங்கிவிட்டது. தோசையில் சட்னி பட்டுவிட்டதாம். தட்டு சுவரில் போய் விழுந்தது. "இன்னொன்னு எறிஞ்சே, அடி விழும்!" என்று வசுமதியும் கத்தினாள். ஆனால் அடிக்கவில்லை, எழுந்தும் போகவில்லை. சட்னி வழிந்த சுவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். மேகலை அவளை உதைத்தாள், கிள்ளினாள். கால் மணி நேரம் கழித்து, தானே வந்து மடியில் முகத்தைப் புதைத்து, "ஸ்கூல்ல எங்கூட யாருமே வெளையாடலம்மா" என்று தேம்பினாள்.

ஒரு வீட்டில் அடக்கம், ஒரு வீட்டில் அமைதி, ஒரு வீட்டில் ரகளை. குழந்தை தாயைப் பிடிக்கவில்லை என்று சொன்னதும் உண்மை. சொல்லுங்கள், மேகலை யாரிடம் வளர்வது சரி?

விடை: தாயிடம். அமுதவல்லி அப்படித்தான் எழுதினார். நாள் முழுக்க அடக்கி வைத்த வருத்தத்தைக் குழந்தை எல்லோரிடமும் கொட்டுவதில்லை. என்ன செய்தாலும் தன்னை விட்டுப் போகமாட்டார்கள் என்று தெரிந்த இடத்தில்தான் கொட்டும். தகப்பனிடம் இருந்த அடக்கம் பயத்தால் வந்தது. அத்தை வீட்டில் அழுகை வெளியே வரவே வழியில்லை. வசுமதி பொறுமைசாலி இல்லை. ஆனால் மூவரில் அவள் ஒருத்தியிடம்தான் மேகலை தன் துக்கம் என்னவென்று சொன்னாள்.

தீர்ப்பும் அப்படியே வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் குழந்தை தகப்பனிடம் போகலாம்; அவளை மிரட்டக் கூடாது என்று நிபந்தனை. ஐந்தாவது மாதம் தியாகு கொதித்துக்கொண்டு அமுதவல்லியிடம் வந்தான். "பாத்தீங்களா, அவ கெடுத்து வெச்சுட்டா! நேத்து எம்மேலயே செருப்பத் தூக்கி எறியறா!"

"நீங்க என்ன பண்ணீங்க?"

"என்ன பண்றது? சும்மா நின்னேன்."

"அப்பறம்?"

"எம்மேல சாஞ்சு அழுதா" என்றான், அதையும் ஒரு புகாராகவே.