இன்னொரு கூடை

மாசிலாமணி ஒரு காலத்தில் ஆற்று முகத்துவாரத்தில் மீனை டப்பாவில் அடைக்கும் ஆலைக்கு மேனேஜர். ஆலை மூடிக் கிடந்து துருவேறிய பிறகு, அறுபத்தெட்டு வயதில் குரு தேடிக் கிளம்பினார். கிடைத்தவர் அவரைவிட இருபது வயது இளையவரான சுந்தரவல்லி அம்மையார். கண்மாய்க் கரையில் நாலு தூணும் ஒரு ஓட்டுக் கூரையும்தான் மடம்.

கேள்வி கேட்காமல் இந்தச் சீடருக்குச் சோறு இறங்காது. அன்று காலையில் கேள்வியோடு அவசரமும் சேர்ந்துகொண்டது.

"அம்மா, வடக்கே இன்னொரு ஆத்து முகத்துவாரத்துல எம்பொண்ணு பூங்கோதை டப்பா மீன் ஆலை நடத்துறா. இந்த வருஷம் மீன் கொட்டோ கொட்டுன்னு கொட்டுதாம். இன்னொரு மெஷின் போடவான்னு கேக்குறா. இன்னைக்குப் பதில் சொல்லணும்."

"சொல்லுங்களேன்."

"வாய் வரலையே. தப்பாச் சொன்னா எங்க ஆலை மாதிரி அதுவும் பூட்டிக்கும். ஒரு ஊரே அதை நம்பி இருக்கு."

"உங்க ஆலை ஏன் பூட்டிச்சு?"

"அதுதான் இன்னைக்கு வரைக்கும் புரியல. முதல்ல முகத்துவாரத்துல மட்டும்தான் வலை போட்டோம். அப்புறம் பெரிய வலை வந்துச்சு. அப்புறம் உல்லம் மீன் ஆறேறிப் போய் முட்டையிடுற மடு வரைக்கும் படகு போச்சு. வருஷா வருஷம் டப்பா கூடிக்கிட்டேதான் வந்துச்சு. கடைசி வருஷம் மாதிரி ஒரு வருஷம் நாங்க பார்த்ததே இல்ல. மறு வருஷம் ஆடி வெள்ளம் வந்துச்சு, மீன் வரல. அவ்வளவு மீனும் எங்கம்மா போயிருக்கும்?"

 மழையைக் குறை சொல்லிப் பார்த்திருக்கிறார், கடலைச் சொல்லிப் பார்த்திருக்கிறார், புதுப் பாலத்தின் தூண்களைக்கூட விட்டுவைத்ததில்லை. எதுவும் மனசுக்குப் பொருந்தவில்லை.

அம்மையார் ஒரு கூடையையும் ஊத்தாவையும் எடுத்து நீட்டினார். ஊத்தா என்பது அடியில்லாத மூங்கில் கூடு. மீன் மேல் கவிழ்த்து, மேல்வாய் வழியே கையை விட்டுப் பிடிக்க வேண்டும்.

"இன்னைக்குக் கண்மாய் அழிக்கிறாங்க, தண்ணி வத்துறதுக்குள்ள இருக்கிற மீனையெல்லாம் பிடிச்சுடுவாங்க. ஊரே இறங்குது. நீங்களும் ஒரு கை பாருங்க."

மாசிலாமணிக்குச் சிரிப்பு வந்தது. ஐப்பசியில் கண்மாய் ததும்பி நின்றபோது நாள் முழுக்கத் தூண்டிலோடு உட்கார்ந்து ஒரே ஒரு கெண்டை பிடித்த சூரர் அவர். அதையும் பூனை கொண்டுபோயிற்று.

ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசினார். கூட்டம் இறங்கியது. மாசிலாமணி ஊத்தாவைக் குத்தினார், விரால். மறுபடி குத்தினார், இரண்டு கெளுத்தி. முட்டுவலியை மறந்தார், கேள்வியை மறந்தார், மகளையும் மறந்தார்.

உச்சிப்பொழுதில் அம்மையார் அங்கே வந்தார். மரக்கிளையில் தொங்கிய மாசிலாமணியின் சட்டைக்குள் போன் அடித்துக்கொண்டிருந்தது.

"உங்க பொண்ணா இருக்கும்."

"ஒரு நிமிஷம் அம்மா! இங்க பாருங்க, கூடை நிறைஞ்சு வழியுது! ஐப்பசியில ஒரு கெண்டைக்கு நாள் முழுக்கத் தவம் கிடந்தேன். இன்னைக்குத் தொட்ட இடமெல்லாம் மீன். ஒரு கூடை பத்தவே இல்ல!"

"அப்படியா? நாளைக்கு இன்னொரு கூடையும் சேர்த்துக் கொண்டாங்க."

கண்டிப்பாக என்று சொல்ல வாயெடுத்தவர், குனிந்து தன் காலைப் பார்த்தார். கணுக்கால்கூட நனையாத தண்ணீர். சுற்றிலும் சேறு. ததும்பி நின்ற கண்மாயின் மீனெல்லாம் இந்தத் துளி நீருக்குள்தான் ஒதுங்கிக் கிடந்தது.

அம்மையார் போனை எடுத்து அவர் காதருகே பிடித்தார்.

"அப்பா, இன்னொரு மெஷின் போடவா?"

மாசிலாமணி தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டார்: "உங்க படகு இப்ப மீன் முட்டையிடுற மடு வரைக்கும் போகுதாம்மா?"