காராச்சேவு டப்பாவின் கூட்டாளி

இந்தக் கதை என் தோழி சொல்லி எனக்கு வந்தது. அவளுக்கு அவளுடைய ஹாஸ்டல் தோழி சொன்னாளாம். எடை மெஷினும் டப்பாவும் பேசியதைக் காதால் கேட்டது யார் என்று தெரியவில்லை. வந்தபடியே சொல்கிறேன்.

மதுரையில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் பூங்கோதையின் அறை. அங்கே தரையில் ஓர் எடை மெஷின். அலமாரி மேல்தட்டில் ஒரு காராச்சேவு டப்பா. ஹாஸ்டல் சாப்பாட்டில் மகள் இளைத்துவிடுவாள் என்று பூங்கோதையின் அம்மா சாத்தூரிலிருந்து பஸ்ஸில் சேவு கொடுத்தனுப்பிக்கொண்டே இருந்தாள். மூன்றாவது ஆள் வசவு. அது பூங்கோதையின் மனசுக்குள்ளேயே குடியிருந்து அவளையே திட்டியது.

பூங்கோதைக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. அடுத்த பரிசோதனைக்குள் எடை இறங்காவிட்டால் மாத்திரைதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்த வயதிலேயே மாத்திரையா என்று அவள் பயந்துபோயிருந்தாள்.

மெஷின் நேர்மையானது. அவள் ஏறி நின்றால் எண்ணைக் காட்டும். அதோடு அதன் வேலை முடிந்தது. ஆனால் உடனே வசவு தொடங்கிவிடும். எருமை என்னும், சோற்றுமூட்டை என்னும், உன்னால் எதுவும் ஆகாது என்னும். அவள் குனிந்து மெஷினையே பார்த்துக்கொண்டு நிற்பாள். இதெல்லாம் நான் சொன்னதாக நினைத்துவிடப் போகிறாளே என்று மெஷினுக்குக் கூச்சமாக இருக்கும். பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே அலமாரிக்குப் போவாள். பசியே இருக்காது. ஆனாலும் போவாள்.

ஒருநாள் அவள் தலைவாரிக்கொண்டிருந்தபோது மெஷின் வசவிடம் முறையிட்டது. நான் சொன்னது ஓர் எண்தானே, அதோடு எருமையை ஏன் சேர்க்கிறீர்கள் என்று கேட்டது. நல்லதுக்குத்தான் சொல்கிறேன், உறைக்கிற மாதிரி சொன்னால்தான் திருந்துவாள் என்றது வசவு.

மேல்தட்டில் டப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

“அண்ணாச்சி, யார் சொன்னாலும் நீங்க நிறுத்திராதீங்க. நீங்க வாயைத் திறந்தாத்தான் அவ என் மூடியைத் திறக்கா.”

வசவுக்கு முகம் சுருங்கியது. இருந்தாலும் பழக்கம் விடவில்லை.

அந்த வாரம் ஜெயராணி என்ற பெண் அந்த அறைக்குப் புதிதாக வந்தாள். ஒரு காலையில் எண் சற்றுக் கூடியிருந்தது. வசவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மனசுக்குள் சொல்ல வேண்டியதைச் சத்தமாகவே சொல்லிவிட்டது.

“தின்னி மாடு. வெட்கமே இல்லாம இப்படித் தின்னா எங்க உருப்படப் போற?”

பூங்கோதைக்குப் பின்னால், கீழே மெஸ்ஸிலிருந்து வாங்கிவந்த தட்டு நிறைய இட்லியோடு ஜெயராணி நின்றிருந்தாள். தட்டை வைத்தாள். கட்டிலடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். வார்டனிடம் வேறு அறை கேட்கப் போவதாகச் சொன்னாள்.

பூங்கோதை பதறிப்போய்ப் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

“உன்னை இல்லம்மா. என்னையேதான் சொன்னேன். தினமும் சொல்றதுதான்.”

ஜெயராணி பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“என்னை யாராவது தினமும் இப்படிப் பேசினா, அக்கா, அந்த டப்பாவை நான் ஒரே மூச்சில காலி பண்ணிருவேன்.”

பூங்கோதை மேல்தட்டில் இருந்த டப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள். சிரிப்பு நின்றதும் நிஜமாகவே பசித்தது. கீழே போய்த் தனக்கும் இட்லி வாங்கி வந்து, கட்டிலில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டாள்.

அப்புறம் என்ன ஆயிற்று என்று நானே விசாரித்தேன். டாக்டர் மாத்திரை எழுதவில்லை; எடை இறங்கியது கொஞ்சம்தான், ஆனால் இறங்கியிருக்கிறது. வசவு போய்விடவில்லையாம், இன்னும் தினமும் பேசுகிறதாம். அது பேசி முடிக்கும்வரை பூங்கோதை பொறுத்திருக்கிறாள். பிறகு, பசித்தால், சாப்பிடப் போகிறாள்.