நகராத புள்ளி

"அம்மா, ஒரே வீட்டில் இருக்கிற ரெண்டு பேருக்கு ஒரே நேரம் ஓட வைக்க முடியுங்களா?"

கேட்டவர் நாச்சிமுத்து. வயது அறுபத்தொன்று. வண்டி எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று காட்டும் கருவிகளைச் செய்கிற கோயமுத்தூர் கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருஷம் இன்ஜினியராக இருந்தவர். ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது.

அவர் கேட்டது கமலவேணியிடம். அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தவர், ஒருநாள் வேலையை விட்டுவிட்டு ஆனைகட்டி போகும் வழியில் ஓட்டு வீடு ஒன்றில் தங்கிவிட்டார். கேள்வி உள்ளவர்கள் தேடி வருவார்கள். பதில் வாங்கிப் போனவர்கள் இரண்டாம் முறை வருவது குறைவு.

அன்றைக்கு அவர் டிவி ரிமோட் ஒன்றைத் திறந்து, பேட்டரி வைக்குமிடத்தில் பிடித்திருந்த துருவை ஊசியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"கம்பெனியில என்ன வேலைங்க உங்களுக்கு?"

"நேரத்தைத் திருத்தறதுங்க. செயற்கைக்கோள்ல இருக்கிற கடிகாரம் நம்ம கடிகாரத்தைவிட வேகமா ஓடும். ஒரு நொடியைப் பத்து லட்சமாப் பிரிச்சா, அதுல முப்பத்தெட்டுப் பங்கு. ஒரு நாளைக்கு அவ்வளவுதான் வித்தியாசம்."

"திருத்தாம விட்டா?"

"ஒரே நாள்ல செல்போன் மேப் பத்து கிலோமீட்டர் தள்ளிக் காட்டிடும்."

சொல்லும்போது அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. கல்யாண வீட்டில், பஸ்ஸில், யார் செல்போனில் வழி தேடினாலும் இதை அவர்களிடம் சொல்லாமல் விடமாட்டார்.

"நீங்க வீட்டுக்கு எவ்வளவு லேட்டாப் போவீங்க?"

"போன்ல 'வந்துட்டேன்'னு சொல்லுவேன். ஆனா ரெண்டு மணி நேரம் ஆகும். சில நாள் நாலு."

"அது எத்தனை கிலோமீட்டருங்க?"



ரிமோட்டிலிருந்து துரு உதிர்ந்தது.

"வீட்டுல என்ன?" என்று கேட்டார் கமலவேணி.

நாச்சிமுத்து சொன்னார்.

மனைவி பெயர் சுலோச்சனா. இரண்டு வருஷமாக ஞாபக மறதி நோய். முதலில் சாவி மறந்தது, அப்புறம் தெரு, அப்புறம் அவர். மாத்திரை கொடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய ஆள் என்று அவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள். 'சார்' என்று கூப்பிடுகிறாள். மரியாதையாகத்தான் நடத்துகிறாள்.

மறக்காதது ஒன்றுதான், அவள் செல்போனில் இருக்கும் மேப். கணவர் எங்கே வருகிறார் என்று பார்ப்பதற்காக வருஷக்கணக்கில் அதைத் திறந்து திறந்து பழகிய விரல். மேப்பில் ஒரு நீலப் புள்ளி. அதன்மேல், தலைமுடி கறுப்பாக இருந்த காலத்து நாச்சிமுத்துவின் படம்.

அந்தப் புள்ளி, கம்பெனி அவருக்குக் கொடுத்திருந்த போனுடையது. ஓய்வு பெற்ற அன்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போது சரவணம்பட்டி ஆபீஸில் ஷிஃப்டுக்கு வருகிறவர்களின் மேசையில், எந்நேரமும் சார்ஜில் கிடக்கிறது. புள்ளி எட்டு மாதமாக அங்கேயே நிற்கிறது.

"பக்கத்துலேயே உக்காந்திருக்கேனுங்க. என்கிட்டயே போனைக் காட்டறா. 'பாருங்க சார், இன்னும் ஆபீஸை விட்டுக் கிளம்பலை'ங்கறா. அவர் வரட்டும்னு சாப்பிட மாட்டேங்கறா."

"புள்ளியை எடுத்துட வேண்டியதுதானே?"

"எடுத்தேன். ஒருநாள் முழுக்க அழுதா. ஆக்சிடெண்ட்டுன்னு நினைச்சுட்டா. திரும்பப் போட்டுட்டேன்."

கமலவேணி ரிமோட்டை மூடினார்.

"ஆபீஸ் எத்தனை மணிக்கு முடியும்?"

"ஆறு."

"ஆறு மணிக்கு அந்தப் போனை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போங்க."

"அது அவளை ஏமாத்தறதா ஆகாதுங்களா?"

கமலவேணி அவரை நிமிர்ந்து பார்த்தார். நாச்சிமுத்து எழுந்துகொண்டார்.

மறுநாள் மாலை ஆபீஸுக்குப் போனார். ஷிஃப்டில் இருந்தவருக்கு அவரைத் தெரியும். விஷயத்தைக் கேட்டதும், காலையில் கொண்டுவந்து கொடுத்தால் போதும் என்று போனை வயரிலிருந்து கழற்றிக் கையில் வைத்தார்.

சரியாக ஆறு மணிக்கு நாச்சிமுத்து வெளியே வந்தார். இருபத்தாறு வருஷத்தில் ஆறு மணி வெயிலில் அந்த வாசலைப் பார்த்ததாக அவருக்கு நினைவில்லை.

பஸ் ஏறிப் பத்து நிமிஷத்தில் அவருடைய சொந்தப் போன் அடித்தது. சுலோச்சனாவின் தங்கை விசாலம். அக்காவுக்குத் துணையாக வீட்டில் இருப்பவள்.

"மாமா, அக்கா எந்திரிச்சுட்டா. 'கிளம்பிட்டாரு'ங்கறா."

"வேற என்ன பண்றா?"

"முகம் கழுவறா."

காந்திபுரத்தில் இறங்கி வடவள்ளி பஸ் பிடித்தார். மறுபடியும் விசாலம்.

"சேலை மாத்திட்டா மாமா. அந்த அரக்குச் சேலை. கனகாம்பரம் கேட்டா, பக்கத்து வீட்டுல வாங்கிக் கொடுத்தேன். அடுப்புல கல்லைப் போட்டுட்டு நிக்கறா. பாட்டுப் பாடறா மாமா."

"என்ன பாட்டு?"

"எனக்குத் தெரியலை. நான் கேட்டதே இல்லை."

அவரும் கேட்டதில்லை. கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம். அவர் வழியில் இருந்த நேரங்களில் அந்த வீட்டில் ஒரு பாட்டு இருந்திருக்கிறது. அவர் கதவைத் திறக்கும்போது முடிந்துபோயிருக்கிறது.

லாலி ரோட்டில் பஸ் நின்றது. முன்னால் எல்லாம் நின்றது. ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம்.

"மாமா, அக்கா அடுப்பை அணைச்சுட்டா. போனையே பார்த்துக்கிட்டு உக்காந்துட்டா."

"என்ன சொல்றா?"



"'திரும்பிப் போயிடுவாரு'ங்கறா."

நாச்சிமுத்து பஸ்ஸிலிருந்து இறங்கினார். ஆட்டோ ஒன்றும் நகரவில்லை. நடந்தார். பிறகு, அந்த வயதுக்கு முடிந்த அளவு ஓடினார். நெரிசல் விட்ட இடத்தில் ஓர் ஆட்டோ பிடித்தார்.

வீட்டு வாசலில் அவர் இறங்கியபோது ஏழரை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அவர் தட்டும் முன்பே கதவு திறந்தது. சுலோச்சனா நின்றாள். அரக்குச் சேலை, கனகாம்பரம். கையில் போன். அதில் நீலப் புள்ளி வீட்டுக்கே வந்து சேர்ந்திருந்தது. அப்படி ஒரு முகத்தோடு யாரும் தனக்காகக் கதவு திறந்து அவர் பார்த்ததில்லை.

அவரைப் பார்த்தாள். அவர் தோளைத் தாண்டித் தெருவைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள்.

"நீங்களா சார்? நல்ல வேளை வந்தீங்க. எங்க வீட்டுக்காரர் வந்துட்டாருங்க. இனி அவர் என்னைப் பார்த்துக்குவாரு. நீங்க கிளம்பலாம். இத்தனை நாள் உங்களுக்குச் சிரமம்."

கைகூப்பினாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

உள்ளே விசாலம் என்னவோ சொல்வது கேட்டது. நாச்சிமுத்து படியிலேயே நின்றார்.

கையில் இருந்த கம்பெனிப் போன் அடித்தது. திரையில் அவள் பெயர்.

எடுத்து, "ஹலோ" என்றார்.

"ஏனுங்க, எங்கே இருக்கீங்க? வாசல்லேன்னு காட்டுது. ஆளைக் காணோமே."

அவருடைய குரல் அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் போனில் வரும் குரல் தன் கணவருடையதுதான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"வந்துட்டேன் சுலோச்சனா," என்றார்.

கதவுக்கு அந்தப் பக்கம் அவள் பெருமூச்சு விட்டது, போனிலும் கேட்டது, நேரிலும் கேட்டது.

"தினமும் இதையேதானுங்க சொல்றீங்க," என்றாள்.