மூன்றாவது மீட்டர்

குருவுக்கு வயது நாற்பத்து மூன்று. சீடனுக்கு ஐம்பது. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. இறுகிய பாறையிலிருந்து வாயு எடுக்கும் கிணறுகளைப் பற்றி பவளக்கொடிக்குத் தெரிந்தது அந்தக் கல்லூரியில் வேறு யாருக்கும் தெரியாது. வாயு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே அருளானந்தம் அவளிடம்தான் படித்தார்.

அன்று மத்தியானம் அவள் அறையில் வந்து நின்றார். பவளக்கொடி தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன, முகம் தொங்குது?"

"ஒரு கிணறு, மேடம். முதல் வருஷம் பார்த்துட்டு இருபது வருஷம் வாயு வரும்னு கோடு போட்டேன். ஆனா வரத்து இறங்கிடுச்சு. எந்தச் சூத்திரம் போட்டா கோடு சரியா வரும்?"

"அந்தக் கிணத்தை நம்பி யார் இருக்கா?"

"நைனா முகமதுன்னு ஒருத்தர். பீங்கான் சூளை வச்சிருக்கார். இன்னைக்கு ரெண்டாவது சூளைக்கு அஸ்திவாரம் தோண்டப் போறார்."

"நீங்க சொல்லித்தானே?"

அருளானந்தம் கையிலிருந்த வரைபடத்தை மேசையில் வைத்தார்.

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். வரைபடத்தை விரித்தாள். முதல் வருஷத்துப் புள்ளிகளை விட்டுவிட்டு மீதியை உள்ளங்கையால் மூடினாள்.

"போடுங்க."

போட்டார். பழைய கோடேதான் வந்தது. பென்சிலைப் பிடுங்கி அவளும் ஒன்று போட்டாள். அது அவருடையதைவிட மேலே போயிற்று.

"என்னோடது இன்னும் மோசம்," என்று சிரித்தாள். "வெடிப்புல நின்ன வாயு முதல்ல பீறிட்டு வரும். பாறைக்குள்ள இருக்கிறது பிறகுதான் ஊர்ந்து வரும். முதல் வருஷத்துல யாருக்கு அது தெரியும்?"

அருளானந்தத்துக்கு உயிர் வந்தது. அவள் கையை எடுத்தாள்.

"மூணாவது வருஷத்துல பாதிப் புள்ளியைக் காணோமே?"

"மீட்டர் கோளாறு, மேடம்."

"மாத்தினீங்களா?"

"மாத்தினோம்."

"புது மீட்டர்?"

"அதையேதான் காட்டிச்சு."

"அப்புறம்?"

"அதையும் மாத்தினோம்."

"பாவம் மீட்டர்."

அருளானந்தமும் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"ரெண்டாவது வருஷம் சில புள்ளி உங்க கோட்டுக்கு மேல போச்சே. அப்ப எத்தனை மீட்டர் மாத்தினீங்க?"

அவர் காது மடல் சுட்டது. சட்டைப் பொத்தானைத் திருகினார். ஒன்றுகூட மாற்றவில்லை. அன்றைக்கு லட்டு வாங்கிக் கொடுத்தார். அவளும் ஒன்று வாங்கித் தின்றது அவருக்கு நினைவு வந்தது. தரையைப் பார்த்தார்.

செல்போன் அடித்தது. நைனா முகமது.

"சார், துவா ஓதியாச்சு. மண்வெட்டியோட ஆளுங்க நிக்கிறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா இறங்கிடுவோம்."

"ஒரு நிமிஷம், பாய்." போனைக் கையால் பொத்தினார். "மேடம், ரெண்டு நாள் கேட்கட்டுமா? நல்ல கோடா ஒண்ணு போட்டுட்டு..."

"கோடா கேட்டார் அவர்?"

"மூணு வருஷமா பார்க்கும்போதெல்லாம் கேட்டார், மேடம். 'வாயு நிக்காதே சார்?'னு. நிக்காதுன்னேன். கடைசி ஒரு வருஷம் தெரிஞ்சேதான் சொன்னேன். இப்ப எந்த வாயால சொல்றது? வெட்கமா இருக்கு."

பவளக்கொடி சாப்பாட்டு டப்பாவை மூடினாள்.

"இருக்கும். அது போகட்டும்னு காத்திருந்தா அந்த மனுஷன் கூரையே போட்டுடுவார். வெட்கத்தோடயே பேசுங்க."