செல்போனில் பாடியது யார்?

பாடுகிறவர்களுக்குப் பேர் வாங்கித் தருவதாகப் பீற்றிக்கொள்ளும் பாட்டுக் கம்பெனி முதலாளியே, உங்களைத்தான்! இதைக் கேளுங்கள்.

நாமக்கல் லாரிப் பட்டறையில் ஜெசிந்தா, தன் பாட்டுகளைப் பென்டிரைவில் போட்டு டிரைவர்களுக்கு நேரடியாக விற்றுவந்தாள். உங்களைப்போல ஒரு முதலாளி தன் மேனேஜரோடு வந்து ஒப்பந்தத்தை நீட்டினார்.

"உன் பாட்டெல்லாம் எங்களுக்கே சொந்தம்னு கையெழுத்துப் போடும்மா. நாங்க இல்லாம உன் பேரு எவனுக்குத் தெரியும்?"

அந்நேரம் அவர் செல்போன் பாடியது.

"குரல் அருமையா இருக்கே! யாரு சார் பாடினது?"

"எங்க கம்பெனி ஹிட்டும்மா!"

"அது சரி. பாடினவங்க பேரு?"

முதலாளி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கூரையைப் பார்த்தார்.

டயர் மாட்டிக்கொண்டிருந்த டிரைவர் கத்தினார்: "என் வண்டில பாடுறது ஜெசிந்தா அக்கா! எனக்குத் தெரியும் சார்!"

பட்டறையே சிரித்தது. ஜெசிந்தா ஒப்பந்தத்தை மடித்து அவர் கையிலேயே திணித்தாள். "முதல்ல உங்க செல்போன் பாட்டுல, பாடினவங்க பேரைப் போடுங்க."

நீங்களும் போடுங்கள் முதலாளி, இன்றைக்கே!